நடந்து வந்தோர் பதிவேடு

பத்தொன்பது வருடமாக நான் பஸ்ஸில்தான் அலுவலகம் வருகிறேன். பின் தெருவில் இறங்கி, பின் கேட் வழியாக நுழைந்து, குப்பை லாரி நிற்கும் ஷெட்டைத் தாண்டி, குடிநீர்த் தொட்டியின் நிழலிலேயே நடந்து பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் என் நாற்காலியில் போய் உட்கார மூன்று நிமிடம் ஆகும். இதை யாரும் பாராட்டியதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் பஸ். இதில் என்ன பெருமை? இப்படி வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவளைப் பஸ்ஸில் வரும்படி ஊக்குவிக்கிறேன் என்று கிளம்பினார்கள் பாருங்கள், அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

புதிதாக வந்த ஆணையர் எங்கேயோ பத்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். சின்ன வயசு. தினமும் சைக்கிளில்தான் வருவார், அதுவும் படம் பிடித்துப் போடுவதற்காக இல்லை, நிஜமாகவே. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விவகாரத்தில் கெட்டவர் என்று கைநீட்ட ஒருத்தரும் இல்லை, அதுதான் என் எரிச்சலே. ஒரு திங்கட்கிழமை எங்கள் எல்லோரையும் கூட்ட அரங்கில் உட்காரவைத்துப் பேசினார்.

"வண்டியைக் குறைங்க, புகையைக் குறைங்கன்னு ஊருக்கெல்லாம் நோட்டீஸ் ஒட்டுறோம். நம்ம வாசல்லயே நூத்தி எண்பது வண்டி நிக்குது. நாம மாறாம அவங்களை எப்படி மாறச் சொல்றது?"

நியாயமான கேள்வி. நான் மனசாரக் கை தட்டினேன். பக்கத்தில் இருந்த டைப்பிஸ்ட் அக்கா என் கையைக் கிள்ளி, "நம்மளத்தான்டி சொல்றாரு. இத்தனை வருசத்துல இன்னைக்குத்தான் நாம ஹீரோயின்" என்றாள். அக்காவும் நானும் அதே பஸ். எனக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பாள். ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது.

திட்டம் இதுதான். நடந்து வந்தாலும் சைக்கிளில் வந்தாலும் ஐந்து புள்ளி. பஸ் என்றால் மூன்று. சொந்த வண்டிக்குப் பூஜ்யம். ஆளுக்கும் புள்ளி உண்டு, பிரிவுக்கும் உண்டு. முன் கேட்டில் வாட்ச்மேன் ஒரு பதிவேட்டோடு உட்கார்ந்து யார் எப்படி வந்தார்கள் என்று பத்து மணி வரை எழுதுவார். மூன்று மாதம் கழித்துப் பரிசு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் சுற்றறிக்கை வந்தது. அதன் ஏழாவது வரியில், எண்ணிக்கை விட்டுப்போகாமல் இருக்க எல்லோரும் முன் கேட் வழியாகவே வர வேண்டும், பின் கேட் பூட்டப்படும் என்று இருந்தது.

எங்கள் அலுவலகத்தின் சுற்றுச்சுவர் கொஞ்சநஞ்ச நீளமில்லை. தொட்டி, ஷெட், பழைய இரும்புக் கிடங்கு எல்லாவற்றையும் வளைத்துக்கொண்டு போகும். பின் தெருவில் இறங்கி முன் கேட்டுக்கு வர வேண்டுமென்றால் சுவரையே முழுசாகச் சுற்ற வேண்டும். முன்பக்கம் ஒருவழிச் சாலை, பஸ் அந்தப் பக்கம் வராது. நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. அதன்மேல் வரிசையாக வேன் நிற்கும், வேன் இல்லாத இடத்தில் சாக்கடை மூடி உடைந்திருக்கும், இரண்டும் இல்லாத இடத்தில் டிரான்ஸ்பார்மர். நடப்பவர்கள் சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும். பின்னால் வரும் தண்ணீர் லாரி காதுக்குள்ளேயே ஹாரன் அடிக்கும். அதுவும் எங்கள் நகராட்சி லாரிதான்.

முதல் நாள் ஒன்பது ஐம்பதுக்கு இறங்கி, அக்காவும் நானும் ஓட்டமும் நடையுமாகச் சுற்றி வந்து சேரும்போது பத்து பதினான்கு. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. வாட்ச்மேன் மேஜையில் பதிவேடு இல்லை.

"அண்ணே, எங்களை எழுதிக்கங்க. பஸ், ரெண்டு பேர்."

"பத்து மணிக்கே மேல எடுத்துட்டுப் போயிட்டாங்களே மேடம். நாளைக்குச் சீக்கிரம் வாங்க."

சீக்கிரம் வருவதாம். முந்தைய பஸ் ஒரு மணி நேரம் முன்னால் போகிறது. அதில் ஏறினால் அப்பாவுக்கு எட்டரை மணிச் சொட்டு மருந்தை யார் விடுவது? கைரேகை மெஷின் வேறு பத்து ஐந்தைத் தாண்டினால் தாமதம் என்று சிவப்பாகக் காட்டும். மூன்று தாமதத்துக்கு ஒரு நாள் விடுப்பு போய்விடும். சிவப்பைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் கண்தான் நினைவுக்கு வந்தது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருடம் பஸ் கண்டக்டர். சமையலறை வாசலில் யாராவது நின்றால் இப்போதும் "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்பார். இடது கண் போய் நான்கு வருடமாகிறது. வலது கண்ணிலும் அதே கோளாறு போன வருடம் ஆரம்பித்தது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், நாள் தள்ளினால் நரம்பு வீங்கிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைதான் போடுவார்கள். காலையில் போனால் சொட்டு விட்டு, உட்காரவைத்து, கூப்பிட்டு, போட்டு, மறுபடி உட்காரவைத்து அனுப்ப மாலையாகிவிடும். என் கணவருக்கு ஒப்பந்த வேலை, ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. என் தம்பிக்குப் போனில் மட்டும் பாசம் பொங்கும். ஆக நான்தான். அதற்காகவே காய்ச்சலில்கூட விடுப்பு எடுக்காமல் ஐந்து நாளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். இரண்டு ஊசி முடிந்திருந்தது. மூன்றாவதற்கு ஐந்து வாரம் இருந்தது.

அந்த ஐந்து நாளும் மூன்றே வாரத்தில் கரைந்துபோயின. பதினைந்து தாமதம், ஐந்து விடுப்பு. பத்தொன்பது வருடத்தில் வாங்காத சிவப்பையெல்லாம் பதினைந்து நாளில் வாங்கினேன்.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. வரிப் பிரிவில் ஒருத்தர் விடாமல் நடந்து வந்தார்கள். எல்லோரும் வண்டிக்காரர்கள், ஒருவர் பக்கத்துக் கடைக்கே வண்டியில் போகிறவர். எப்படியடா இது என்று எனக்கு மண்டை குடைந்தது. ஒருநாள் அக்காவும் நானும் சுவரைச் சுற்றி வரும்போது முன் தெருவுக்கு அடுத்த சந்தில், மூடிக் கிடக்கும் தியேட்டருக்குள் எட்டிப் பார்த்தேன். நூற்றுக்கும் மேல் வண்டி நிற்கிறது. எங்கள் அலுவலகத்து வண்டிகள். கண்ணாடியில் தலைவாரிக்கொண்டு ஒருத்தர் இறங்குகிறார். அங்கிருந்து முன் கேட் இருநூறு அடி. அலுங்காமல் குலுங்காமல் நடந்து போய், வாட்ச்மேனிடம் "நடை" என்று சொல்லி, ஐந்து புள்ளி வாங்கிக்கொண்டு போகிறார்.

"அடப்பாவிகளா" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வயிறு எரிந்தது.

அதற்கடுத்த வாரம் எனக்கு ஒரு குறிப்பாணை. "தாங்கள் கடந்த இருபத்திரண்டு வேலை நாட்களும் சொந்த வாகனத்தில் வந்துள்ளீர்கள். திட்டத்துக்கு ஒத்துழையாமைக்கான காரணத்தை மூன்று நாட்களுக்குள் தெரிவிக்கவும்." இரண்டு தடவை படித்தேன். பிறகு அக்காவிடம் ஓடினேன். அவள் மேஜையிலும் அதே தாள் இருந்தது.

எங்கள் மேலாளரிடம் போனேன். அவருக்கு அலுவலகத்தில் 'அவகாசம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் கொஞ்சம் அவகாசம் கொடுங்க என்பார், திட்டவும் மாட்டார், செய்யவும் மாட்டார்.

"சார், எனக்கு வண்டியே கிடையாது. லைசென்ஸ்கூடக் கிடையாது."

"அப்படியா? ஆனா கம்ப்யூட்டர்ல சொந்த வண்டின்னு இருக்கே."

"எப்படி சார் இருக்கும்? யாரு எழுதினது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதிவேட்டுல பேரு இல்லாதவங்க எல்லாம் சொந்த வண்டில உள்ள போனவங்கன்னு கம்ப்யூட்டர் தானா எடுத்துக்கும். வண்டிக்காரங்கதான் வாட்ச்மேன்கிட்ட நிக்காம சர்ருன்னு போயிடுவாங்க, அதனால அப்படி வச்சிருக்கு."

"நாங்க லேட்டா வர்றதால எழுத மாட்டேங்கிறாங்க சார். பின் கேட்டைப் பூட்டினதால லேட்டு. பஸ்ஸுல வர்றதாலதான் இந்தப் பாடு."

"புரியுது, புரியுது. ஒண்ணு பண்ணுங்க. உங்க வண்டி நம்பரை எழுதிக் குடுங்க, அதை லிஸ்ட்ல இருந்து எடுக்கச் சொல்றேன்."

"வண்டி இருந்தாத்தானே சார் நம்பர் இருக்கும்?"

"நம்பர் இல்லாம எதை எடுக்கச் சொல்றது?" என்று என்னையே கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே யோசித்தார். "சரி, கொஞ்சம் அவகாசம் கொடுங்க."

என் பிரிவில் இருந்தவர்களோ என்னைப் பார்த்து முகம் சுளித்தார்கள். நாங்கள் ஆறு பேர். ஐந்து பேர் தியேட்டரிலிருந்து நடந்து வந்து புள்ளி சேர்க்கிறார்கள், நான் ஒருத்தி பூஜ்யமாக உட்கார்ந்திருக்கிறேன். "மேடம், உங்களாலதான் நம்ம பிரிவு கடைசில கிடக்கு. கொஞ்சம் மனசு வைங்க" என்றார் இறப்புப் பதிவு பார்க்கும் தம்பி. பத்தொன்பது வருடம் பஸ்ஸில் வந்தவளிடம், தியேட்டரில் வண்டி போட்டுவிட்டு வருகிறவன் சொல்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாய் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குழந்தையின் பிறந்த தேதியை எழுதினேன்.

ஆணையரிடமே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை மாடி ஏறினேன். பிரிவு மேலாளர் வழியாக வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார் அவர் உதவியாளர். மேலாளர் வழியாகப் போனால் அவகாசம். எனக்கு ஒரு யோசனை வந்தது. வியாழக்கிழமை பொதுமக்கள் குறைகேட்கும் நாள். கீழே போய், ஜனங்களோடு ஜனமாக டோக்கன் வாங்கி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூன்று பேர்தான் இருந்தார்கள். மேலாளர் எங்கிருந்தோ வந்து என் முழங்கை அருகே நின்று, யாருக்கும் கேட்காமல் கெஞ்சினார்.

"என்னம்மா இது, ஸ்டாஃப் பொதுமக்கள் வரிசைல நிக்கலாமா? என் மானம் போகுதும்மா. ஃபைல் போட்டிருக்கேன், பின் கேட்டு ஃபைல். இன்ஜினியர் செக்‌ஷன்ல இருக்கு. வாங்க."

வரிசையை விட்டு அவரோடு போனேன். ஃபைல் இருந்தது, பொய்யில்லை. அதில் பொறியாளர் எழுதியிருந்தார், பின் கேட்டைத் திறந்தால் அங்கே எண்ணுவதற்கு இன்னொரு வாட்ச்மேன் வேண்டும், புதிய பணியிடம் உருவாக்க வழியில்லை என்று. எண்ணாமல் சும்மா திறந்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எண்ணத்தானே எல்லாமே.

மூன்றாவது ஊசி நாள் நெருங்கியது. விடுப்புக் கடிதத்தோடு போனேன். கணினியில் பார்த்து, "தற்செயல் விடுப்பு ஜீரோ காட்டுதே" என்றார் மேலாளர். சம்பளம் இல்லாத விடுப்பு கேட்டேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் விண்ணப்பித்து மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டுமாம். போட்டுவிட்டுப் போய்விடலாமா என்று நினைத்தேன். ஏற்கெனவே ஒரு குறிப்பாணை இருக்கும்போது சொல்லாமல் போனால் தற்காலிகப் பணிநீக்கம்வரை போகும் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். நானும் பயந்தேன். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை, பயந்ததை.

என் கணவருக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ஒரு நாள் கிடைத்தது. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"போன தடவை சுவத்துல அந்த எழுத்து அட்டையில அஞ்சு வரி படிச்சாராம். இன்னைக்கு மூணுதான் படிச்சாரு. டாக்டர் என்னைத்தான் கத்தினாரு. இன்னும் மூணு ஊசி, ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதாம். போன அந்த ரெண்டு வரி திரும்பாது, இருக்கிறதையாவது காப்பாத்துங்கன்னாரு."

"அடுத்த தடவை நீங்க..."

"எங்க சூப்பர்வைசர் இதுவே கடைசின்னு சொல்லித்தான் விட்டான்."

நான் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் என் காலடிச் சத்தத்தை வைத்தே, "பாப்பா, பஸ்ஸுல கூட்டமா?" என்று கேட்டார்.

"ஆமாப்பா."

"காலையில ஒம்பதரை வண்டியா? அது எப்பவும் கூட்டம்தான். அந்த டிரைவருக்கு நிறுத்தத் தெரியும், நிதானமா நிறுத்துவான். நீ அதுலயே போ." இரண்டு வாரம் தள்ளிப்போனது எதனால் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நகராட்சி பஸ்ஸை ஊக்குவித்ததால் உங்கள் கண்ணில் இரண்டு வரி போய்விட்டது அப்பா என்று ஒரு கண்டக்டரிடம் எப்படிச் சொல்வது?

அந்த ஞாயிற்றுக்கிழமையே நாத்தனார் வீட்டில் சும்மா நின்ற ஸ்கூட்டரைக் கேட்டு வாங்கி வந்தேன். நாற்பத்து நான்கு வயதில் மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை வேலியில் போய் மோதினேன், முழங்கை தேய்ந்தது. என் கணவர் பின்னால் ஓடிவந்து பிடித்துப் பிடித்து இளைத்தே போனார். பழகுநர் லைசென்ஸ் கைக்கு வந்ததும் ஒரு திங்கட்கிழமை கிளம்பினேன். விடுப்பு இனி வராதுதான், ஆனாலும் இனி ஒரு சிவப்புகூட விழக் கூடாது, அடுத்த ஊசிக்குக் கையைக் காலைப் பிடித்தாவது அனுமதி வாங்கிவிடலாம் என்பது என் நினைப்பு.

அக்காவைக் கூப்பிட்டேன். "வாங்கக்கா, பின்னாடி உட்கார்ந்துக்கங்க. ரெண்டு ஸ்டாப் திரும்பி வந்து உங்களை ஏத்திக்கிறேன்."

"எனக்கு அதுல உட்கார்ந்தாலே தலை சுத்தும். நீ போடி. அப்பா கண்ணு முக்கியம்" என்றாள். "நான் இந்த பஸ்ஸுலயே போய் ரிட்டயர் ஆயிடறேன். ரெண்டாவது மெமோவும் வந்தாச்சு. கடைசி ஃபைல்ல இதெல்லாம் ஒட்டிக்கிட்டா பென்ஷனை இழுத்தடிப்பாங்கன்னு மட்டும்தான் ஒரு பயம். கேட்டு மட்டும் திறந்துட்டா போதும்."

தியேட்டரில் வண்டியைப் போட வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை. அலுவலகத்துக்குள் நேராகத்தான் ஓட்டிக்கொண்டு போனேன். சொந்த வண்டி இப்போதாவது உண்மையாகட்டும் என்று. வண்டி நிறுத்துமிடத்தைப் பாதியாகக் குறைத்து அதிகாரிகளுக்கு மட்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். வாட்ச்மேன் என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார்.

"மேடம், அந்தப் பக்கம் தியேட்டர்ல போடுங்க. எல்லாரும் அங்கதான்."

போட்டேன். இருநூறு அடி நடந்தேன். மணி ஒன்பது நாற்பத்தைந்து. வாட்ச்மேன் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "நடை" என்று எழுதினார். நான் திருத்தாமல் உள்ளே போனேன். முதல் நாள் கூசியது. இரண்டாம் நாள் கொஞ்சம் கூசியது. மூன்றாம் வாரம் தியேட்டர் வாசலில் நின்று வரிப் பிரிவு ஆட்களோடு அரட்டை அடித்தேன். என் பிரிவு கடைசியிலிருந்து நான்காம் இடத்துக்கு வந்தது. இறப்புப் பதிவுத் தம்பி எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். அக்காவைச் சாலையில் தண்ணீர் லாரிக்கு ஒதுங்கி நிற்கும்போது இரண்டு முறை தாண்டிப் போனேன். அவள் கையாட்டினாள்.

மூன்று மாதம் முடிந்தது. நான்காவது ஊசி அந்த வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மேலாளரிடம் ஒரு நாள் கேட்டேன், அழாத குறையாக. "வெள்ளிக்கிழமை ஆடிட் வருதேம்மா, கொஞ்சம் அவகாசம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, மேஜை மேலிருந்த தாளைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"உங்களுக்கு விஷயம் தெரியாதா? பரிசு லிஸ்ட்ல இருக்கீங்க! சிறந்த மாற்றம். முதல் மாசத்துக்கும் கடைசி மாசத்துக்கும் வித்தியாசம் பார்த்திருக்காங்க. மொதல்ல முழுக்கச் சொந்த வண்டி, இப்ப முழுக்க நடை. மொத்த ஆபீஸ்லயே நீங்க ஒருத்தர்தான். நாளைக்கு ஆணையர் கையால சான்றிதழ், மூணு நாள் சிறப்பு விடுப்பு. எப்ப வேணா எடுத்துக்கலாம், யாரும் மறுக்க முடியாது."

மூன்று நாள். இன்னும் மூன்று ஊசி. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் தலை சுற்றியது.

மறுநாள் கூட்ட அரங்கு நிரம்பியிருந்தது. ஒன்பது ஐம்பதுக்கே ஆரம்பித்துவிட்டார்கள். பிரிவுக் கேடயம் வரிப் பிரிவுக்குப் போனது, எதிர்பார்த்ததுதான். நடப்பது பற்றி ஒருவர் கவிதை வேறு வாசித்தார். கடைசியாக மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். வெளியே ஒலிபெருக்கி வைத்திருந்ததால் வளாகம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"நம்ம திட்டத்தோட வெற்றிக்கு இவங்க ஒருத்தர் போதும்" என்றார் ஆணையர். "ஆரம்பத்துல தினமும் சொந்த வண்டி. இப்ப ஒரு நாள் விடாம நடை. மனசு வச்சா மாற முடியும்." தியேட்டர்க்காரர்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினார்கள். சான்றிதழைக் கையில் கொடுத்தார். விடுப்பு ஆணை அவருடைய இடது கையிலேயே இருந்தது, மடித்த வெள்ளைத் தாள். அதைத் தருவதற்கு முன்னால் மைக்கை என் பக்கம் திருப்பினார்.

"ஒரு நிமிஷம். எனக்கு எல்லாரும் நல்லா போகுதுன்னு மட்டும்தான் சொல்றாங்க. நடந்து வர்றவங்களுக்கு என்ன இடைஞ்சல்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க தினமும் நடக்கிறவங்க. எதுவா இருந்தாலும் சொல்லுங்கம்மா, இன்னைக்கே சரி பண்றேன்."

பொய்யாகக் கேட்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இந்தக் கேள்விக்காக இரண்டு முறை மாடி ஏறி இறங்கியிருக்கிறேன், டோக்கன் வாங்கி வரிசையில் நின்றிருக்கிறேன். பின் கேட்டைத் திறங்க சார். நான்கு வார்த்தைதான். ஆனால் சொன்னால், நீங்கள் முன் கேட் வழியாகத்தானே நடந்து வருகிறீர்கள், உங்களுக்கு எதற்குப் பின் கேட் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் சொன்னால் பஸ் வரும், தாமதம் வரும், ஸ்கூட்டர் வரும், தியேட்டர் வரும். அந்த வெள்ளைத் தாள் திரும்ப அவர் சட்டைப் பைக்குள் போய்விடும்.

அப்போது வாசலில் அக்காவைப் பார்த்தேன். அப்போதுதான் வந்திருக்கிறாள். வியர்த்து விறுவிறுத்து, கைப்பையைத் தோளில் சரியாகக்கூட மாட்டாமல், கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கேள்வி அவள் காதிலும் விழுந்திருக்கிறது. என் கண்ணைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாகி, விரலால் பூட்டைத் திறப்பது மாதிரி காற்றில் ஒரு திருகு திருகிக் காட்டினாள். சொல்லுடி, சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

"ஒரு இடைஞ்சலும் இல்ல சார்" என்றேன் மைக்கில். "நடந்து வர்றது ரொம்பச் சுலபமாத்தான் இருக்கு."

கை தட்டினார்கள். ஆணையர் தாளைக் கொடுத்தார். நான் அதை அங்கேயே பிரித்து மூன்று என்ற எண் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மறுபடி வாசலைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

கூட்டம் கலைந்து வெளியே வந்தால் தாழ்வாரத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். என்னை நாலு வார்த்தை திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும், நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், ஆணையரை, கம்ப்யூட்டரை, இறப்புப் பதிவுத் தம்பியை, எல்லோரையும் இழுத்துப் போட்டுக் கத்தியிருப்பேன்.

"அப்பாவுக்கு எப்ப ஊசி?" என்று கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைக்கா."

"லீவு கிடைச்சிருச்சுல்ல? நல்லது. காலையிலேயே கூட்டிட்டுப் போயிடு, அங்க கூட்டம் சேர்ந்துரும்." என் கையில் இருந்த சான்றிதழை வாங்கி, தள்ளிப் பிடித்துப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "நான் போய் விரலை வச்சுட்டு வந்துடறேன்."

"இன்னும் வைக்கலையா?"

"மைக்குல உன் பேரு கேட்டுச்சு. நேரா இங்கதான் ஓடி வந்தேன்."

தாழ்வாரத்தின் கோடியில் இருக்கும் மெஷினை நோக்கி மெதுவாக நடந்தாள். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மணி பத்து இருபத்திரண்டு.